எழுத்தறிந்த பொறியும் நம் பழைய ஏடுகளும்

அரசுத் தாள்களின் தலையில் ஒரு கோபுரம் நிற்கிறது. அது திருவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று நம் வட்டாரத்தார் பெருமை பேசுவர். அக்கோபுரத்தின் கீழே நம் பாட்டன்மார் இட்டது கைநாட்டு. எழுத்து தானாக அவர்க்கு எட்டாமற் போகவில்லை, எட்டவிடாமல் வைக்கப்பட்டது. இன்று இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கணிப்பொறியியல் பயிலும் நம் இளைஞர்கள், பொறி ஒன்று தமிழ் படிக்கக் கற்ற வரலாற்றை அறிதல் வேண்டும்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிப்ட் சிரோமணி (1932–1988). கோலத்தின் இலக்கணத்தையும் சிந்துவெளி எழுத்தையும் ஆராய்ந்தவர். 1978-இல் இவரும் உடனாய்வாளர் இருவரும், அச்சிட்ட தமிழெழுத்தைக் கணிப்பொறியால் அறியும் முறையை வெளியிட்டனர். எழுத்தொன்றைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, மை படிந்த கட்டம், வெற்றுக் கட்டம் என இரண்டாகக் குறித்தனர். அவ்வரிசைகளைக் குறியீட்டுச் சரங்களாக்கி அகராதி போல் சேர்த்து வைத்தனர். புதிதாக வரும் எழுத்தின் சரத்தைப் பொறி அந்த அகராதியோடு ஒப்பிடும். ஒத்தால் இன்ன எழுத்தென்று சொல்லும். விடையையோ உரோமன் எழுத்தில் அச்சிட்டது! தமிழ் படித்த பொறிக்குத் தமிழில் எழுத வாய்க்கவில்லை.

அதே 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வடிவம் இழந்தன. ணா, றா, னா போன்றவையும் மாறின. கற்பதற்கு எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய ஏடுகள் பழைய வடிவிலேயே நின்றுவிட்டன.

இன்றைய முறை வேறு. அகராதியை மனிதன் வகுத்துத் தருவதில்லை. பல்லாயிரம் எழுத்துப் படங்களையும் அவற்றின் விடைகளையும் காட்டக் காட்ட, வேறுபாடுகளைப் பொறி தானே பிடித்துக்கொள்கிறது. எந்திரக் கற்றல் என்பது இதுவே. இந்த மாணவனுக்குச் சாதி தெரியாது. ஆனால் காட்டாததும் தெரியாது. புதிய எழுத்தை மட்டுமே பயின்ற பொறி, துதிக்கை போட்ட 'லை'யைக் கண்டால் தடுமாறும்.

நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய 'பறையன்', அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' யாவும் பழைய எழுத்தில் அச்சானவை. பண்டிதர் மறைந்தது 1914-இல். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்ததோ 1999-இல். இடைப்பட்ட 85 ஆண்டுகளில் அவர் பெயரையே அறியாமல் நம்மவர் பலர் பட்டம் பெற்றனர் என்பது வருத்தத்திற்குரியது.

பழைய பக்கம் ஒன்றைப் படமெடுத்து, எதிரே அதன் வரிகளைப் பிழையறத் தட்டெழுதி வைத்தால் அது பொறிக்கு ஒரு பாடம். மை மங்கிய இடத்தில் இருப்பது 'ன'வா 'ண'வா என்று தீர்ப்பதற்குப் பட்டம் வேண்டா. தமிழும் பொறுமையும் போதும். முதியோர் வீட்டுப் பெட்டிகளில் பழைய மாநாட்டு அழைப்பிதழோ துண்டறிக்கையோ கிடப்பின், கரையான் முந்துவதற்குள் எடுத்துப் படம் பிடியுங்கள்.