வணிக விற்பனையில் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு

வணிக விற்பனையில் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு என்பது, ஒரு வணிகத்தை விற்பவர் அதே வகையான வணிகத்தைக் குறிப்பிட்ட எல்லைக்குள் மீண்டும் நடத்துவதில்லை என்று வாங்குபவருக்கு அளிக்கும் உறுதிமொழி ஆகும். இது விற்பனை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவோ தனி ஆவணமாகவோ எழுதப்படலாம். இந்தியாவில் இது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27ஆம் பிரிவுக்கு உட்பட்டது.

தேவை

சிறு வணிகம் ஒன்றின் விலையில் சரக்கு, தளவாடங்கள் ஆகியவற்றுடன் நற்பெயரின் மதிப்பும் அடங்கும். பழைய வாடிக்கையாளர்கள் மீண்டும் அதே கடையை நாடி வரும் வாய்ப்பே நற்பெயர் எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் 20 ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவர், அதனை விற்றபின் அடுத்த தெருவில் புதிய கடை திறந்தால், வாடிக்கையாளர்களில் பலர் அவரிடமே செல்லக்கூடும். வாங்கியவரிடம் சரக்கும் அலமாரிகளும் மட்டுமே எஞ்சும்.

இத்தகைய உடன்பாடு இல்லாதபோது சட்டம் தரும் பாதுகாப்பு குறைவு. நற்பெயரை விற்றவர் போட்டிக் கடை தொடங்கலாம், ஆனால் பழைய வாடிக்கையாளர்களைத் தேடிச் சென்று அழைக்கக்கூடாது என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை டிரீகோ எதிர் ஹண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. கலைக்கப்பட்ட கூட்டாண்மை நிறுவனத்தின் நற்பெயர் விற்கப்படும்போது, இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 55ஆம் பிரிவும் இதையொத்த விதியைக் கூறுகிறது.

இந்தியச் சட்டத்தின் நிலை

ஒருவரைச் சட்டப்படியான தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு, அத்தடையின் அளவிற்குச் செல்லாது என்பது 27ஆம் பிரிவின் பொது விதி. நற்பெயர் விற்பனை இதற்கு விதிவிலக்காகும். அதற்கான நிபந்தனைகள்:

* வணிகத்தின் நற்பெயர் விற்கப்பட்டிருக்க வேண்டும்.
* தடை அதையொத்த வணிகத்திற்கு மட்டும் பொருந்த வேண்டும்.
* தடை செய்யப்படும் இட எல்லை குறிப்பிடப்பட வேண்டும்.
* வாங்கியவரோ, அவரிடமிருந்து நற்பெயரைப் பெற்றவரோ அவ்வெல்லைக்குள் அத்தகைய வணிகத்தை நடத்தும் காலம் வரை மட்டுமே தடை நீடிக்கும்.
* வணிகத்தின் தன்மையை நோக்க, அவ்வெல்லை நியாயமானது என நீதிமன்றம் கருத வேண்டும்.

நற்பெயர் விற்பனை இல்லாமல் போட்டியை மட்டும் விலைக்கு வாங்க முடியாது. 1874இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் விசாரித்த மாதப் சந்தர் எதிர் ராஜ்குமார் தாஸ் வழக்கு இதற்குச் சான்று. கல்கத்தாவின் ஒரு பகுதியில் இருவர் பித்தளைப் பாத்திர வணிகம் செய்தனர். ஒருவர் தம் கடையை மூடினால், அவர் தொழிலாளர்களுக்கு முன்பணமாகக் கொடுத்திருந்த 900 ரூபாயைத் தாம் தருவதாக மற்றவர் ஒப்புக்கொண்டார். முதலாமவர் கடையை மூடியபின் பணம் தரப்படவில்லை. ஒரு பகுதியளவிலான தடையும் 27ஆம் பிரிவின்கீழ் செல்லாது என்று கூறிய நீதிமன்றம், அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கடையை மூடியவருக்கு அத்தொகை கிடைக்கவில்லை.

இங்கிலாந்து வழக்குகள்

1711இல் தீர்ப்பளிக்கப்பட்ட மிச்சல் எதிர் ரெனால்ட்ஸ் வழக்கு இத்துறையில் முன்னோடியாகும். இலண்டனில் ரொட்டி சுடும் கடை ஒன்றின் குத்தகையை 5 ஆண்டுகளுக்கு மாற்றிக் கொடுத்தவர், அக்காலத்தில் அந்தத் திருச்சபை வட்டாரத்திற்குள் அதே தொழிலைச் செய்தால் 50 பவுண்டு தருவதாக உறுதியளித்திருந்தார். தடை நியாயமானது என்பதால் உடன்பாடு செல்லும் எனத் தீர்ப்பானது.

1894இல் நோர்டன்பெல்ட் வழக்கில், பீரங்கி உற்பத்தித் தொழிலை விற்றவர் மீதான 25 ஆண்டுத் தடையை, உலகம் முழுவதற்கும் பொருந்தியபோதிலும், பிரபுக்கள் அவை ஏற்றது. அத்தொழிலின் வாடிக்கையாளர்கள் பல நாடுகளின் அரசுகள் என்பதே காரணம். எனவே எல்லையின் நியாயம், வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருகின்றனர் என்பதைப் பொறுத்தது. ஒரு தெருவின் தேநீர்க் கடைக்கு மாநிலம் முழுவதும் தடை கோருவது நியாயமாகத் தோன்றாது.

பணியாளர் உடன்பாட்டிலிருந்து வேறுபாடு

வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது எனப் பணியாளர் மீது விதிக்கப்படும் தடை, மேற்கூறிய விதிவிலக்கில் அடங்காது. பணியாளர் நற்பெயர் எதையும் விற்பதில்லை. விற்பவரோ அதற்குரிய விலையைப் பெற்றுக்கொண்டே தம் உரிமையைக் கட்டுப்படுத்திக் கொள்கிறார்.