திருச்சியில் ராத்திரிக்கு எங்கே போவது?

பாரிஸிலிருந்து வந்திருந்த தம்பி மகன், "பெரியப்பா, திருச்சியில ராத்திரி உட்கார நல்ல பார் எது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு காலத்தில் இதே கேள்வியை என் அலுவலகம் முழுவதும் என்னிடம் கேட்டது.

1973-ல் குமாஸ்தாவாகத் திருச்சிக்கு வந்தேன். கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் திறந்திருந்த சமயம். உள்ளூர்க்காரர்களுக்கு அது புதுசு. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. 1971 ஆகஸ்டில் கலைஞர் அதைத் தள்ளிவைக்கும்வரை ஒரு தலைமுறையே கடையைக் காணாமல் வளர்ந்தது. (வருமான இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்ததும் ராஜாஜிதான். மது திரும்பி வந்தபோது வரி திரும்பிப் போகவில்லை. கணக்கு எழுதியவன் சொல்கிறேன்.)

எனக்குக் கடை புதுசில்லை. பிறந்தது காரைக்கால், படித்தது பிரெஞ்சில். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி. அதன் பிறகும் அங்கே மதுவிலக்கு வரவில்லை. பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் மாலையில் கடையில் கூடிப் பழங்கதை பேசுவார்கள். 1898-ல் போட்ட பேரளம் ரயில் பாதையில் தஞ்சை ஜில்லாக்காரர்களும் வந்து இறங்குவார்கள். போகும்போது அவர்களுக்கு நடை கொஞ்சம் மாறியிருக்கும்.

1974-ல் தமிழ்நாட்டில் மறுபடி கடைகளை மூடினார்கள். அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் 'முசே'. "முசே, பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்களாமே?" என்றால் அர்த்தம் வேறு. வாஞ்சூர் சாவடியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். பிடிபட்டால் வேலை போகும். நான் ஒரு பாட்டில்கூடக் கொண்டுவந்ததில்லை.

என்னைவிட மூத்த சகா ஒருவர். ஸ்ரீரங்கத்துக்காரர். மற்றவர்கள் கேலிக்குக் கேட்டார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மறுத்துவிட்டேன். டாக்டர் சர்டிபிகேட் காட்டி பெர்மிட் வாங்கலாம்தான். அதற்கு அவர் கூச்சப்பட்டார். சில மாதம் கழித்து, தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பாலிஷைக் குடித்துவிட்டார். பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர். உயிர் பிழைத்தது, பார்வை போய்விட்டது.

திருச்சி இரவுகளை எனக்குக் காட்டியவரே அவர்தான். தேவர் ஹால் நாடகங்கள், கெயிட்டியில் இரண்டாம் ஆட்டம். ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர் 1914-ல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவைப் பற்றி, அங்கே சிறுவன் தியாகராஜ பாகவதர் லோகிதாசனாக மேடை ஏறியதைப் பற்றி, நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க விடியவிடிய சினிமா ஓடும். பார்த்துவிட்டுக் காவிரிப் பாலத்தில் குளிரக் குளிர நடந்து ஸ்ரீரங்கம் போய், பரமபத வாசல் திறக்கக் காத்திருப்போம்.

பார்வை போனபின் வந்த ஏகாதசிக்கு நான் அவர் வீட்டுக்குப் போனேன். குரலைக் கேட்டு, "முசேவா?" என்றார். அந்த வருஷம் சினிமா இல்லை. நேரே கோயிலுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். நம்பெருமாள் ரத்னாங்கியில் வாசலைக் கடந்தபோது, "எப்படி இருக்கார், சொல்லும்" என்றார். பிரெஞ்சில் படித்தவன், நகைகளுக்குத் தமிழில் பெயர் தெரியாமல் திணறினேன். பக்கத்தில் நின்ற பாட்டி ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள்.