கம்பிக்குள் வைத்த பூட்டு: ஆட்டம், பதிவு, உரிமை

பாடாலூரில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாடியறையில் என் சித்தி பையன் பிளேஸ்டேஷன் ஆடுகிறான். ஊருலகம் பார்க்கிறது. "ஊருலகம்னா இன்னிக்குப் பதினாலு பேருண்ணே" என்கிறான்.

நடுவில் இருப்பது கேப்சர் கார்டு என்கிற சின்னப் பெட்டி. கன்சோலின் எச்.டி.எம்.ஐ. கம்பி அதற்குள் போய் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தாமதமில்லாமல் டி.வி.க்கு, அதைப் பார்த்துத்தான் ஆட முடியும். இன்னொன்று யு.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு. சுருக்காத படம் நொடிக்குச் சுமார் 37 கோடி பைட். அதை ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, அவன் குரலையும் சேர்த்து அனுப்புவது ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள்.

இதைப் பசங்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. திரையில் ஓடுவதைப் பிடித்துவைக்கும் உரிமை யாருக்கு என்ற பழைய சண்டையின் தொடர்ச்சி இது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டில் பிறகு பார்ப்பதற்காக வீடியோவில் பதிவுசெய்வது குற்றமல்ல என்றது. ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பு. நீதிமன்றத்தில் தோற்ற முதலாளிகள் பூட்டைக் கம்பிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். இன்டெல் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்ற அந்த மறையாக்கம் 2006இன் பிளேஸ்டேஷன் 3இல் எப்போதும் பூட்டியே கிடந்தது. ஆடியவர்கள் பழைய அனலாக் கம்பிகளைச் செருகிப் பதிவுசெய்தார்கள். 2010இல் அதன் மூலச்சாவியே இணையத்தில் கசிந்தது. நம் நாடாளுமன்றமோ 2012இல், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டுவரை சிறை என்று 65ஏ பிரிவைச் சேர்த்தது.

2013இன் பிளேஸ்டேஷன் 4 இன்னும் சூட்சுமமானது. 'பகிர்' என்று கைப்பிடியிலேயே ஒரு பொத்தான். கம்பி மட்டும் பூட்டியபடி. எங்கள் வாசல் வழியாகப் போ என்பதுதான் அர்த்தம். எந்தக் காட்சியைப் பதிவுசெய்யக்கூடாது என்று ஆட்டத்தை உருவாக்கியவர் குறித்துவைக்கவும் முடியும். 2014இல்தான் ஆட்டங்களுக்கு மட்டும் கம்பி திறந்தது. சினிமாவுக்கு இல்லை.

பூட்டு திறந்தாலும் கூலி யாருக்கு? 2013இல் நின்டெண்டோ தன் ஆட்டங்களின் வீடியோக்களுக்கு வந்த விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 2015இல் ஒரு பங்கீட்டுத் திட்டம்: தனி வீடியோவுக்கு 60 சதவீதம், சேனலுக்கு 70. (செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டு மண்டிக்கு ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.) 2018இல் அதை மூடிவிட்டு, சொந்தப் படைப்பாக்கமும் விமர்சனப் பேச்சும் சேர்ந்திருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று விதி செய்தார்கள்.

இந்தப் பேச்சு நமக்குத் தெரிந்ததுதான். கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் நிற்பான், வெளியே வந்து சபையையும் கேலி பேசுவான். என் தம்பி ராஜபார்ட்டும் அவனே, கட்டியங்காரனும் அவனே. "செத்தேன்டா மச்சி" என்று அவன் கத்தும்போது சாகிறவன் திரையிலிருக்கும் வீரன்; மச்சி என்பது அந்தப் பதினாலு பேர்.

சட்டம் அவனை எங்கே வைக்கும்? 1994 திருத்தம் நிகழ்த்துநர் யார் என்று பட்டியலிட்டது: நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டிகூட உண்டு; கடைசியில், நிகழ்த்துகிற வேறு எவரும். அந்த 'வேறு எவரும்' வழியாக உள்ளே நுழைகிறவன் தன் குரலுக்கு உரிமை கேட்கலாம். ஆட்டத்தின் படம் அப்போதும் கம்பெனியுடையதுதான். இரண்டும் ஒரே சட்டகத்தில் ஓடுகின்றன; நொடிக்கு 60 முறை.