பத்ரி தத் பாண்டே: குமாவுன் மலையின் வரலாற்றாசிரியர்

பத்ரி தத் பாண்டே (1882–1965) விடுதலைப் போராட்ட வீரர், இதழாசிரியர், வரலாற்றாசிரியர். இமயமலையின் குமாவுன் பகுதி மக்கள் இவரைக் 'குமாவுன் கேசரி' (குமாவுனின் சிங்கம்) என அன்புடன் அழைத்தனர். இப்பகுதி இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ளது.

இதழ்ப்பணி

ஹரித்துவாரை அடுத்த கங்கலில் பிறந்த பாண்டே, இளமையிலேயே பெற்றோரை இழந்து அல்மோராவில் வளர்ந்தார். 1913 முதல் 'அல்மோரா அக்பார்' இதழின் ஆசிரியராக இருந்தார். ஆங்கில அதிகாரிகளைக் கண்டித்து எழுதியதால் அரசின் நெருக்கடிக்கு உள்ளாகி, 1918இல் அவ்விதழ் நின்றது. அதே ஆண்டில் 'சக்தி' என்னும் வார இதழைத் தொடங்கினார்.

சரயு ஆற்றில் எறிந்த பதிவேடுகள்

அக்காலத்தில் மலைக்குச் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளைக் கிராமத்தார் கூலியின்றிச் சுமக்க வேண்டும். அவர்களுக்கு உணவுப் பொருள்களும் கொடுக்க வேண்டும். யார் எப்போது சுமை தூக்குவது என்பதை ஊர்த்தலைவர் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருப்பார். விதைப்பானாலும் அறுவடையானாலும் முறை வந்தவர் போயாக வேண்டும். இதற்குக் 'கூலி பேகார்' என்று பெயர்.

1921 ஜனவரியில், நாம் பொங்கல் கொண்டாடும் அதே மகர சங்கராந்தியை ஒட்டி, பாகேசுவரத்தில் உத்தராயணித் திருவிழா நடைபெற்றது. பாண்டே, ஹர்கோவிந்த் பந்த், சிரஞ்சிலால் ஆகியோர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கூடி, இனிச் சுமை தூக்குவதில்லை என உறுதி ஏற்றனர். ஊர்த்தலைவர்கள் தாம் கொண்டுவந்த பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். மாவட்ட அதிகாரி காவலர்களுடன் அங்கேயே இருந்தும் தடுக்க இயலவில்லை. அதன்பின் அம்முறை ஒழிந்தது. 1929இல் காந்தியடிகள் பாகேசுவரத்துக்கு வந்தார்.

குமாவுன் வரலாறு

பாண்டே விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். சிறைவாசக் காலத்தில் அவர் எழுதிய 'குமாவுன் கா இதிகாஸ்' 1937இல் வெளிவந்தது. அதற்கு முன் இப்பகுதியைப் பற்றிய விரிவான நூலாக விளங்கியது அட்கின்சன் தொகுத்த இமயமலை மாவட்ட விவரச்சுவடி. அது ஆங்கிலத்தில், ஆட்சியாளர்களின் பயன்பாட்டுக்காக எழுதப்பட்டது. பாண்டேயின் நூலோ இந்தியில் அமைந்ததால் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் மாணவரும் தங்கள் ஊர் வரலாற்றைத் தாங்களே படிக்க முடிந்தது.

நில அமைப்பில் தொடங்கும் இந்நூல் கத்யூரி, சந்த் அரச மரபுகள், 1790இல் வந்த கூர்க்கா ஆட்சி, 1815இல் தொடங்கிய ஆங்கில ஆட்சி ஆகியவற்றை விவரிக்கிறது. மக்கட் பிரிவினர், வழக்கங்கள் பற்றியும் கூறுகிறது. செவிவழிக் கதைகளும் புராணச் செய்திகளும் இதில் கலந்திருப்பதால், மாணவர்கள் பிற்கால ஆய்வுகளோடு ஒப்பிட்டுப் படிப்பது நல்லது. எனினும் குமாவுன் பற்றி ஆராய்வோர் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல் இது.

இறுதிக் காலம்

விடுதலைக்குப் பின் மக்களவை உறுப்பினராகவும் பணியாற்றிய பாண்டே 1965 ஜனவரியில் காலமானார். பாகேசுவரத்தில் உத்தராயணித் திருவிழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஊர்த்தலைவர்கள் வைத்திருந்த ஏட்டில் மலைமக்கள் வெறும் சுமைகூலிகளாகவே இடம்பெற்றனர். அந்த ஏடு ஆற்றோடு போக முன்னின்றவரே, அவர்களுக்கென ஒரு வரலாற்றையும் எழுதித் தந்தார்.