பெருவிமானத்தின் வாரிசு

முதுமையடைந்த மன்னனுக்குப் பின் அரியணை யாருக்கு என்ற கேள்வி எத்தனையோ நாடுகளை ஆட்டிவைத்திருக்கிறது. விமான நிறுவனங்களையும் அத்தகையதொரு கேள்வி ஆட்டிவைத்தது. அங்கே மன்னன், போயிங் 747.

1966இல் பான் ஆம் நிறுவனத்தின் தலைவர் ஹுவான் டிரிப் 25 விமானங்கள் வேண்டுமென்று ஆணை தந்தார். 1970 ஜனவரி 22 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 747 முதன்முதலாகப் பயணியரைச் சுமந்து பறந்தது. அதன் முன்புறத் திமிலை அழகுக்காக அமைத்தது என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். காரணம் வேறு. ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்கள் பயணியரைக் கவர்ந்துகொள்ளும், 747 சரக்கு சுமந்தே பிழைக்க நேரும் என்று அன்று கருதினார்கள். மூக்கைத் திறந்து சரக்கேற்றுவதற்கு வசதியாக விமானியறையை மேலே உயர்த்தினார்கள். திமில் அவ்வாறு பிறந்தது.

எதிர்பார்ப்பு பொய்த்தது. விமான நிறுவனங்களின் சேவைக்கு வந்த கான்கார்டுகள் 14 மட்டுமே. 2003இல் அவையும் ஓய்ந்தன. 747 தொடர்ந்து கண்டங்களை இணைத்தது. ஆயினும் அதற்கும் வயதாகிக்கொண்டிருந்தது. நான்கு என்ஜின்களின் எரிபொருள் செலவும் உறுத்தியது.

ஏன் நான்கு? 1953ஆம் ஆண்டின் அமெரிக்க விதிப்படி, இரண்டு என்ஜின் விமானம் ஏதேனும் ஒரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத் தொலைவுக்குள்ளேயே பறக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்றைக் கொண்டு கரை சேர வேண்டுமல்லவா? ஜெட் என்ஜின்கள் பழுதாவது அரிதாகிவிடவே, 1985இல் 120 நிமிடம், 1988இல் 180 நிமிடம் என்று அக்கட்டு தளர்ந்தது. 1995இல் போயிங் 777 சேவைக்கு வந்தபோதே 180 நிமிட அனுமதியோடு வந்தது. வாரிசு யாரென்பது அன்றே பெரும்பாலும் முடிவாகிவிட்டது எனலாம்.

ஏர்பஸ் வேறுவிதமாகக் கணித்தது. பெருநகர விமான நிலையங்கள் நெரிசலில் திணறும், ஆகவே மேலும் பெரிய விமானமே தேவைப்படும் என்று நம்பி ஏ380ஐ உருவாக்கியது. 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு அது முதற்பயணம் சென்றது. பயணியர் அதனை விரும்பினார்கள், கணக்கர்கள் தயங்கினார்கள். ஐந்நூறு இருக்கைகளை நாள்தோறும் நிரப்புவது எளிதன்று. சிறிய விமானமோ இடையில் மாறாமல் நேரே ஊர் கொண்டுசேர்த்தது. 251 விமானங்களோடு 2021இல் உற்பத்தி நின்றது. ஏறத்தாழப் பாதியை எமிரேட்ஸ் ஒன்றே வாங்கியிருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் முதலில் பறந்த இரண்டும், பத்தாண்டுச் சேவைக்குப் பின் பிரான்சின் டார்ப் நகரில் உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டன.

ஆயினும் தீர்ப்பை நாம் அவசரமாக எழுதிவிடலாகாது. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் குவாண்டாஸும் தங்கள் 747களுக்கு விடைகொடுத்தன. பின்னர் பயணியர் திரும்பியபோது புதிய 777எக்ஸ் வந்துசேரவில்லை. ஒதுக்கி நிறுத்திய ஏ380களை லுஃப்தான்சா 2023இல் மீண்டும் பறக்கவிட்டது. முப்பதாண்டுக்குச் சேர்த்து ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுப்பவர், வரப்போகும் காலத்தையும் சேர்த்தே ஊகிக்கிறார். அந்த ஊகம் பொய்த்தாலும் விமானம் நின்றுவிடும்.

2023 ஜனவரி 31 அன்று 1,574ஆவது, இறுதி 747 அட்லஸ் ஏர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அது சரக்கு விமானம். தொடக்கத்தில் அஞ்சிய முடிவே வந்தது. ஆனால் அதைக் கொணர்ந்தது ஒலியை விஞ்சிய வேகமன்று, பழுதாகாத இரண்டு என்ஜின்கள்.