பிரியாணியில் உருளைக்கிழங்கு: கொல்கத்தாவின் ஒரு கேள்வியும் அதன் விடைகளும்

கொல்கத்தாவில் குடியேறும் எவரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. பிரியாணித் தட்டில் இறைச்சித் துண்டின் அருகே முழு உருளைக்கிழங்கு ஒன்று ஏன் கிடக்கிறது? அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தோரும் இதனைக் கேட்பதுண்டு. ஆயினும் கிழங்கு இல்லாத தட்டு வந்தால் முதலில் முகம் சுளிப்போரும் அவர்களே. விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா 1856இல் அரசிழந்து கல்கத்தாவுக்கு வந்தார், கையில் பணமில்லை, இறைச்சி வாங்க வழியில்லாத சமையற்காரர்கள் கிழங்கைச் சேர்த்து ஈடுசெய்தனர். உணவகப் பட்டியல்களும் சுற்றுலாக் கையேடுகளும் செய்தித்தாள் இணைப்பிதழ்களும் இதனை ஐயமின்றித் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இதற்குச் சான்றாக அக்காலத்து ஆவணம் எதையும் அவை காட்டுவதில்லை.

கதையின் முதற்பாதி உண்மை. 1856 பிப்ரவரியில் டல்ஹௌசியின் ஆட்சி அவத்தைக் கம்பெனி நிலப்பரப்போடு இணைத்தது. நவாப் நாடுகடத்தப்பட்டார் என்று பொதுவாக எழுதப்பட்டாலும், அவர் லக்னோவை விட்டுப் புறப்பட்டது மேல்முறையீட்டுக்காகவே. கல்கத்தாவில் வழக்கை எடுத்துரைத்து, அங்கிருந்து லண்டன் சென்று விக்டோரியா அரசியிடம் முறையிடுவது அவர் நோக்கம். உடல்நலம் இடங்கொடுக்காமையால் அவருடைய தாய் மலிகா கிஷ்வர் கடல் கடந்து சென்றார், முறையீடு பலிக்கவில்லை, 1858இல் திரும்பும் வழியில் பாரிஸில் இறந்து அங்கேயே அடக்கமானார். மகனோ 1857 கிளர்ச்சி வெடித்ததும் வில்லியம் கோட்டையில் அடைக்கப்பட்டு, 1859 வரை காவலில் இருந்தார். விடுதலைக்குப் பின் ஹூக்ளி ஆற்றங்கரையில், நகருக்குத் தெற்கே, மெட்டியாபுரூஸில் தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். மண் கொத்தளம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள்.

பணமில்லை என்பதே இடறுமிடம். ஆங்கில அரசு அவருக்கு அளித்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய், அதாவது மாதம் ஒரு லட்சம். இழந்த நாட்டின் வருவாயோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆயினும் அந்நாளைய கல்கத்தாவில் பெருஞ்செல்வம். அது எவ்வாறு செலவாயிற்று என்பதற்கு அப்துல் ஹலீம் ஷரர் சாட்சி. 1860இல் பிறந்த ஷரர் சிறுவயதில் மெட்டியாபுரூஸுக்கு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கு வளர்ந்தவர். பிற்காலத்தில் உருது மொழியில் அவர் எழுதிய ‘குஸிஷ்தா லக்னோ’ அந்தச் சிறு லக்னோவைக் கண்முன் நிறுத்துகிறது: ஆற்றோரம் மாளிகைகள், உயிர்க்காட்சிச் சாலை, பாம்புகளுக்கெனக் கட்டிய செயற்கைக் குன்று. ஒரு சோடிப் பட்டுச்சிறகுப் புறாவுக்கு 24,000 ரூபாயும், ஒரு சோடி வெண்மயிலுக்கு 11,000 ரூபாயும் நவாப் கொடுத்ததாக அவர் குறிக்கிறார். இந்தத் தொகைகள் மிகைப்பட்டவை என்றே கொண்டாலும், ஆட்டிறைச்சி வாங்க இயலாத வீட்டின் கணக்கு இதுவன்று. நவாப் கடன்பட்டிருந்தார் என்பதும், ஆங்கில அதிகாரிகள் அக்கடன்களைப் பற்றி ஓயாது முறையிட்டனர் என்பதும் மெய். ஆனால் அந்தக் கடன் வறுமையால் வந்ததில்லை.

நவாபின் வழிவந்தோரும் வறுமைக் கதையை ஏற்பதில்லை. அவர்கள் தரப்பில் சொல்லப்படும் விடை வேறு. உருளைக்கிழங்கு அக்காலத்தில் அயல்நாட்டுப் புதுப்பொருள், இறைச்சியைவிட அரியது, புதுமை நாடிய அரசவைச் சமையற்காரர்கள் அதனைப் பெருமைக்குரிய பொருளாகச் சேர்த்தனர் என்பது அவர்கள் கூற்று. முதல் விடையைவிட இது மதிப்பானது. எனினும் காலவரிசை இதற்கும் முழுமையாக இடந்தரவில்லை.

கிழங்கு வங்கத்துக்கு வந்த வரலாறு நவாபுக்கு முந்தியது. மேற்குக் கடற்கரையில் போர்த்துகீசியர் வழி வந்த பொருளை, வங்கத்தில் ஊன்றச் செய்தோர் பெரும்பாலும் பிரித்தானிய அதிகாரிகளும் தோட்டக்கலை ஆர்வலர்களும். 1820இல் வில்லியம் கேரி கல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் விதைகளை வரவழைத்துப் பரப்பியது. நல்ல காய்கறி விளைவித்த தோட்டக்காரர்களுக்குப் பரிசளித்தது. இன்னும் தெளிவான சான்று ஆயர் ரெஜினால்டு ஹீபரின் பயணக் குறிப்புகள். 1823இல் கல்கத்தா வந்து 1826இல் திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்த அதே ஹீபர்தாம். முதலில் விரும்பப்படாத உருளைக்கிழங்கு இப்போது மக்களால் பெரிதும் விரும்பப்படுகிறது என்றும், ஐரோப்பியரிடமிருந்து நாடு பெற்றவற்றுள் அதுவே சிறந்தது எனப் பேசப்படுகிறது என்றும் அவர் பதிவு செய்கிறார். நவாபின் வருகைக்கு முப்பது ஆண்டுகள் முந்திய நிலை இது. ஆகவே 1856இன் கல்கத்தாவில் கிழங்கு மயிலைப் போல் அரும்பொருளாக இருந்திருக்க இயலாது. லக்னோவிலிருந்து வந்தவர்களுக்கு அது அவ்வளவாகப் பழகாத பொருளாய் இருந்திருக்கலாம் என்ற அளவில் மட்டுமே புதுமை வாதம் நிற்கிறது.

ஷரர் வழி எழும் மற்றொரு தடையைக் கதை சொல்வோர் பெரிதும் கவனிப்பதில்லை. உணவைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதும் அவர், லக்னோவின் மதிப்புமிக்க சோற்றுணவு புலாவே என்கிறார். பிரியாணியை விரும்பியது டெல்லி. லக்னோவின் நுண்சுவையாளர்களுக்கு அது மசாலா மிகுந்த, ஒரு படி கீழான உணவு. ஷரரின் தீர்ப்பில் ஊர்ப்பற்று கலந்திருக்கிறது; இரு நகரங்களின் பழம்பூசலும் கலந்திருக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும், இன்று அவத் அரசவையின் தலையாய படைப்பாகக் கொண்டாடப்படும் உணவுக்கு அந்த அரசவையை அறிந்த ஒருவர் இரண்டாம் இடமே தருகிறார் என்பது கருதத்தக்கது.

1887இல் நவாப் மறைந்தார். அரசு மெட்டியாபுரூஸ் குடியிருப்பைக் கலைத்தது. விலங்குகள் விற்கப்பட்டன, மாளிகைகள் பல இடிக்கப்பட்டன. அருகே கிதிர்பூர்க் கப்பல்துறை எழுந்தது. கார்டன் ரீச்சில் ரயில்வே நிறுவனத்தின் தலைமையகம் வந்தது. நவாபை நம்பி அங்குத் திரண்டிருந்தோர் நாற்பதாயிரத்துக்கு மேல் என்பது ஷரரின் மதிப்பீடு. பாடகர், தையற்காரர், பட்டம் செய்வோர், சமையற்காரர் அனைவரும் ஒரே நேரத்தில் பிழைப்பை இழந்தனர். அவர்களுள் சமையற்காரர்கள் விற்கத்தக்க தொழில் அறிந்தவர்கள். அரசவைச் சமையல் கடைச் சமையலாக மாறத் தொடங்கியது இங்கேதான். பிரியாணியின் கொல்கத்தா வரலாற்றை 1856ஐவிட 1887இலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

இவ்விடத்தில் ஒரு கடையின் பெயரைச் சொல்லியாக வேண்டும். சித்பூர்ச் சாலையில் 1905இல் தொடங்கப்பட்ட ராயல் இந்தியன் ஹோட்டல், நகரின் பழமையான முகலாய உணவகங்களுள் ஒன்று. லக்னோ மரபை உரிமையோடு சொல்லிக்கொள்ளும் கடை. நெடுங்காலம் அது உருளைக்கிழங்கு சேர்க்காத பிரியாணிக்கே பெயர்பெற்றிருந்தது. நவாப் மறைந்து 18 ஆண்டுகளில் எழுந்த ஒரு கடை, லக்னோ முறையைக் காப்பதாகக் கருதியபோது, கிழங்கை விலக்கி வைத்தது. மெட்டியாபுரூஸ் அடுப்பில் கிழங்கு நிலைபெற்றிருந்தது என்னும் கருத்துக்கு இது எதிர்ச்சான்றென முடிவாகச் சொல்ல முடியாது. ஒரு கடையின் வழக்கம் ஒரு நகரத்தின் வழக்கமாகாது. ஆனால் கிழங்கு எல்லாச் சமையற்காரர்களும் கொண்டுவந்த பொது மரபன்று என்பது இதனால் தெளிவாகிறது.

அவ்வாறாயின் விடையை உண்பவர் பக்கத்திலும் தேட வேண்டும். வங்காளி வீட்டின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக் குழம்பில் பெரிய துண்டுக் கிழங்கு இல்லாமல் இராது. குழம்பை உறிஞ்சிய அந்தத் துண்டுக்காகவே சிறுவர்கள் சண்டையிடுவர். இறைச்சியோடு கிழங்கு என்பது அவ்வீடுகளில் சிக்கனமாகக் கருதப்படவில்லை, சுவையாகவே கருதப்பட்டது. தம் போடும் தேக்சாவிலும் கிழங்கு செய்யும் வேலை இதுவே. தோல் சீவி, மஞ்சள் நிறமேற்றி வறுத்து, அரைவேக்காட்டில் அரிசிக்கும் இறைச்சிக்கும் இடையே புதைத்தால், இறங்கும் நெய்யையும் இறைச்சிச் சாற்றையும் அது வாங்கிக்கொள்கிறது. மசாலா குறைந்த, பன்னீர் மணமும் கேவ்டா மணமும் ஓங்கிய கொல்கத்தா முறைக்கு இந்தச் சாதுவான கிழங்கு இயல்பாகப் பொருந்தியது. அலுவலக எழுத்தரும் மாணவரும் கொடுக்கக்கூடிய விலையில் தட்டு நிறைந்து தோன்ற வேண்டும் என்ற கடைக்காரரின் கணக்கும் கூடவே வேலை செய்திருக்கும். சிக்கனம் இருந்திருந்தால், அது நவாபின் சிக்கனமாக அன்றிச் சந்தையின் சிக்கனமாகவே இருந்திருக்கக் கூடும்.

வறுமைக் கதை ஏன் இத்தனை உறுதியாக நிலைத்தது? அவத்தைப் பறித்தபோது கம்பெனி சொன்ன காரணம் தவறான ஆட்சி. அதற்கென 1856இல் நாடாளுமன்றத்தின் முன் ஆவணத் தொகுப்பொன்றையே வைத்தது. ஆளத் தெரியாத, கேளிக்கையில் மூழ்கிய அரசர் என்ற சித்திரம் அன்று தீட்டப்பட்டது. கெட்டழிந்த செல்வர் என்ற பிற்காலச் சித்திரம் அதன் இயல்பான அடுத்த பக்கம். ஆட்சிப் பறிப்பு ஒரு நகைச்சுவைத் துணுக்காகச் சுருங்கி, சோற்றுத் தட்டில் வந்து அமர்ந்துகொண்டது. இது கொல்கத்தாவுக்கு மட்டும் உரிய நோயன்று. சாம்பாருக்குத் தஞ்சை மராத்திய அரசவையையும், ஆம்பூர் பிரியாணிக்கு ஆற்காட்டு நவாபையும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. அரசர் பெயர் கிடைத்தவுடன் கேள்வி முடிந்துவிடுகிறது. அடுப்படியில் நின்றவரையும் கிழங்கு விளைவித்தவரையும் தேடும் வேலை தொடங்குவதேயில்லை.

தேடுவதற்கு இடம் இருக்கிறது. ஷேவ்ராஃபுலியிலிருந்து தாரகேஸ்வர் வரையான ரயில்பாதை 1885இல், நவாப் உயிரோடிருந்தபோதே, திறக்கப்பட்டது. அது ஊடுருவிச் செல்லும் ஹூக்ளி மாவட்டம் இன்று நாட்டின் முதன்மையான கிழங்கு வயல்களுள் ஒன்று. விலை ஏறும்போது கிழங்கு வெளிமாநிலம் செல்வதை மேற்கு வங்க அரசு 2014இலும் 2024இலும் கட்டுப்படுத்தும் அளவுக்கு அதன் அரசியல் கனமானது. அப்பாதையின் சரக்குக் கணக்குகள், நகராட்சிச் சந்தை அறிக்கைகள், சித்பூர்ச் சாலைக் கடைகளின் கொள்முதல் ஏடுகள் ஆகியவற்றை 1887 முதல் 1940 வரை வரிசையாக வைத்துப் படிக்கும் ஆய்வாளர், தட்டில் கிழங்கு வந்து சேர்ந்த பத்தாண்டு எதுவென்று நெருங்கிச் சொல்லக்கூடும்.