இரவல் உறுப்புகளால் உருவான கப்பல்: கடற்படை எரிபொருள் வழங்கு கப்பல்களின் வடிவமைப்பு வரலாறு

நடுக்கடலில் ஓடிக்கொண்டே இன்னொரு கப்பலுக்கு எண்ணெய் கொடுப்பது எப்படி? கடற்படையின் எரிபொருள் வழங்கு கப்பல்களுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது இந்த ஒரு கேள்விதான். அதற்குக் கிடைத்த விடைகளில் பெரும்பாலானவை வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. வணிகக் கப்பலிலிருந்தும், எதிரியிடமிருந்தும், கைவிடப்பட்ட போர்க்கப்பலிலிருந்தும் இரவலாக வந்து சேர்ந்தவை. அந்த வரவுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, அதன் சிறு நாசகாரிக் கப்பல்களால் இடையில் எண்ணெய் பெறாமல் அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்தை அடைய இயலவில்லை. 1917 மே மாதம் 'மவ்மீ' என்ற எண்ணெய்க் கப்பல் வழியில் காத்திருந்து அவற்றுக்கு எரிபொருள் கொடுத்தது. இழுவடத்தால் பிணைத்துப் பக்கவாட்டில் ஓட்டிக் குழாய் வழியே எண்ணெய் அனுப்பும் அந்த முறையை வகுத்தவர்களில் ஒருவர் அக்கப்பலின் அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

பக்கவாட்டில் ஓடுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஓடும் கப்பலின் அணியத்திலும் பின்முனையிலும் நீரழுத்தம் கூடுகிறது, நடுப்பகுதியில் குறைகிறது. முப்பது நாற்பது மீட்டர் இடைவெளியில் இரு கப்பல்கள் இணையாகச் செல்லும்போது நடுப்பகுதிகள் ஒன்றையொன்று உறிஞ்சி இழுக்கின்றன. அணியங்களோ விலக்கித் தள்ளுகின்றன. சுக்கான் பிடிப்பவர் சற்றே அயர்ந்தால் மோதல்தான். ஆகவே கொடுக்கும் கப்பல் திசையும் வேகமும் மாறாமல் செல்லும். பெறும் கப்பல்தான் இடைவெளியைக் காக்கும். இடையில் அகப்பட்ட நீர் எழும்பித் தளத்தில் அடிப்பதால், குழாய்களைக் கையாளும் தளத்தைப் பிற்கால வடிவமைப்பாளர்கள் உயர்த்தினார்கள். இருபுறமும் குழாய் நீட்டும் உயரமான எஃகுத் தூண்கள் எழுந்தன. கப்பல்கள் நெருங்கினாலும் விலகினாலும் தாங்குவடம் ஒரே விறைப்பில் நிற்குமாறு நீரியல் விசையால் இயங்கும் இழுவிசைக் கருவிகள் வந்தன. குழாயின் நுனி பெறும் கப்பலின் வாயில் தானாகப் பூட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறி இழுபட்டால் தானே கழன்றுவிடும். வழங்கு கப்பலின் உண்மையான நுட்பம் எண்ணெய்த் தொட்டிகளைவிட இந்தச் சிறு இடைவெளியில்தான் குவிந்திருக்கிறது என்பது என் கருத்து.

வேகம் வணிகத்திலிருந்து வந்தது. 1939இல் தொடங்கிய 'சிமரோன்' வகைக் கப்பல்கள் எண்ணெய் நிறுவனத்துக்கெனத் திட்டமிடப்பட்டவை. அவற்றின் 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) வேகம் வணிகத்துக்குத் தேவைப்படவில்லை. போர் வந்தால் கடற்படைக்கு உதவும் என்று அந்தக் கூடுதல் விசைக்கான செலவை அரசு ஏற்றது.

ஒரே கப்பலில் எண்ணெய், வெடிமருந்து, உணவு மூன்றையும் ஏற்றும் எண்ணம் ஜெர்மானியருடையது. அவர்களின் 'டித்மார்ஷன்' போருக்குப் பின் அமெரிக்கர் கைக்கு வந்து 'கோனெக்கா' எனப் பெயர் மாறியது. 1950களில் அதைக் கொண்டு நடத்திய சோதனைகள், போர்க்கப்பல்கள் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளலாம் என்று காட்டின. அதன் விளைவு 1964இல் சேவைக்கு வந்த 'சாக்ரமென்டோ'. கட்டி முடிக்காமலே கைவிடப்பட்ட 'கென்டக்கி' என்ற பெரும் போர்க்கப்பலின் டர்பைன்கள்தான் அதை 26 நாட் வேகத்தில் ஓட்டின. விமானந்தாங்கிக் கப்பலோடு ஈடுகொடுத்து ஓடக்கூடிய வழங்கு கப்பல் அவ்வாறு கிடைத்தது.

கப்பலின் இரட்டை உடற்சுவர் கடற்படை கேட்டுப் பெற்றதன்று. 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' தரைதட்டி எண்ணெய் கொட்டியதைத் தொடர்ந்து வணிகக் கப்பல்களுக்கு அது சட்டமானது. சர்வதேச விதிகளில் கடற்படைத் துணைக்கப்பல்களுக்கு விலக்கு இருந்தும், அமெரிக்காவின் 'ஹென்றி ஜே. கைசர்' வகையின் கடைசி மூன்று கப்பல்கள் இரட்டைச் சுவருடன் கட்டப்பட்டன. விலையும் சிறிதன்று: 1,80,000 பீப்பாய் கொள்ளளவு ஏறத்தாழ 1,60,000 ஆகச் சுருங்கியது. பிரிட்டனுக்காகத் தென்கொரியாவில் கட்டிய 'டைட்' வகையும், இந்தியாவுக்காக இத்தாலியில் கட்டி 2011இல் சேவைக்கு வந்த 'தீபக்', 'சக்தி' கப்பல்களும் இதே வழியில் வந்தவை. 175 மீட்டர் நீளமுள்ள 'தீபக்' 27,500 டன் எடை கொண்டது. வேகம் 20 நாட்.

எல்லாம் ஒரே கப்பலில் என்ற கொள்கை எங்கும் நிலைத்துவிடவில்லை. செலவு கருதி அமெரிக்கா எண்ணெய்க்கு ஒரு வகை, வெடிமருந்துக்கும் உணவுக்கும் இன்னொரு வகை எனப் பெரும்பாலும் பிரித்துக்கொண்டது. வழங்கு கப்பல்கள் குறைவாக உள்ள இந்தியாவுக்கு அப்படிப் பிரிக்க வசதியில்லை. 2023இல் விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்துக்குக் கொடுக்கப்பட்ட ஐந்து கப்பல்களும் எரிபொருள், நீர், வெடிமருந்து, உணவு அனைத்தையும் சுமக்கும் ஒருங்கிணைந்த வகையே; ஒவ்வொன்றும் 44,000 டன். அவற்றில் இரண்டைக் கட்டும் பணி சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலுள்ள தளத்துக்கு வந்திருக்கிறது.